மூன்று நிமிடமும் ஒரு பெயரும்

ஆர்டிஸ் ட்வெய்ட் அமெரிக்காவில் மார்ல் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தின் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தாள். நீதிபதி பேசினாலும் திருடன் பேசினாலும் அவளுடைய விரல்கள் ஒரே வேகத்தில் ஓடும். மணிக்கட்டு வலி தாங்காமல் ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டபோது, அவள் ஒரு வாயில்லாப் பூச்சி என்றுதான் ஊர் நினைத்திருந்தது.

வீட்டுக்குள் அவள் வேறு ஆள். காலைக் காப்பியோடு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிப்பாள். அதிலும் பெரும்பான்மைக்கு மாறாக எழுதிய நீதிபதியின் பகுதியைத்தான் முதலில் புரட்டுவாள். "தோத்த பக்கத்து ஜட்ஜுதான் மனசு விட்டு எழுதுவாங்க" என்று கணவன் ஆர்லோவிடம் சொல்வாள். ஆர்லோ தூண்டில் முள்ளைத் துடைத்தபடி, "ம்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதி போட்ட உத்தரவை எங்கேயோ ஒரு நீதிபதி எப்படி நிறுத்தலாம் என்று ஒருத்தி கேட்டாள்.

"வண்டி ஓட்டுறது ஜனாதிபதி. ரோடு போட்டது சட்டம் இயற்றுற காங்கிரஸ் சபை" என்றாள் ஆர்டிஸ். "வண்டி ரோட்டை விட்டு எறங்கிடுச்சான்னு பாக்குறதுதான் ஜட்ஜு வேலை. யாரு ஓட்டுறாங்கங்கிறது அவங்களுக்கு வேண்டாத விஷயம்."

பக்கத்தில் நின்றிருந்தார் டுவெய்ன் குப்கா. வியாழன்தோறும் வெளிவரும் உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்.

"இதையே வாராவாரம் எழுதிக் குடுங்களேன்."

"நான் வக்கீல் இல்லையே."

"அதனாலதான் கேக்குறேன். வக்கீல் எழுதினா எவன் படிப்பான்?"

அப்படித்தான் அந்தப் பத்தி தொடங்கியது. மளிகைக்கடை வரிசையில் நிற்பவர்கள் அவளை நிறுத்திச் சந்தேகம் கேட்கிற அளவுக்கு ஊரில் அதற்கு வாசகர்கள் சேர்ந்தார்கள்.

அதுவரை வாஷிங்டனோடு இருந்த சட்டச் சண்டை மூன்றாம் வருடம் உள்ளூருக்கே வந்து சேர்ந்தது. கவுண்டி நிர்வாகக் குழு தன் கூட்டங்களுக்குப் புது விதி போட்டது. பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். குழு உறுப்பினர் எவரையும் பெயர் சொல்லிக் குறைகூறக் கூடாது. குழுத் தலைவன் வெர்லின் ஓசெ ஆர்டிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

அடுத்த கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, பனிச்சறுக்குத் திடல் அமைத்துத் தந்ததற்காக வெர்லினுக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பிறகு, சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் பயிரிடும் லேலண்ட் பிரஸி எழுந்தார்.

"எங்க ரோட்டுக்குச் சரளை போட்டீங்க. சந்தோஷம். ஆனா அது வெர்லினோட ஏரிக்கரை வீட்டு வாசல்ல வந்து நின்னுபோச்சே, ஏன்?"

வெர்லின் சுத்தியலைத் தட்டினான். காவலர் வந்து லேலண்டை முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸுக்குக் காது சூடேறியது. நீதிமன்றத்தில் எத்தனையோ அநியாயத்தைக் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் விரல்களுக்கு வேலை இருந்தது. இப்போது அவை மடியில் சும்மா கிடந்தன.

அந்த வாரப் பத்தியைச் சூடு ஆறுவதற்குள் எழுதினாள். பாராட்டுக்கு வழிவிட்டுக் குறைக்குக் கதவடைப்பது, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமைக்கு விரோதம் என்றாள். மூன்று நிமிட வரம்பும் செல்லாது என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

தபால் நிலையத்தில் வெர்லின் அவளை மடக்கினான்.

"முப்பது வருஷம் வாயே திறக்காம இருந்தியே ஆர்டிஸ், என்கிட்டதான் ஆரம்பிக்கணுமா?"

"ஸ்கூல்ல உன்கிட்ட ஆரம்பிச்சதுதான். நடுவுல கொஞ்சம் வேலை இருந்துச்சு."

லேலண்ட் அந்தப் பத்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நகரத்து வழக்கறிஞரிடம் போனார். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று. விசாரணை நாளில் ஆர்டிஸ் இரண்டு மணி நேரம் பனியில் கார் ஓட்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பெயர் சொல்லிக் குறைகூறத் தடைபோட்ட விதி செல்லாது. மூன்று நிமிட வரம்பு செல்லும். எல்லாருக்கும் ஒரே கடிகாரம் என்றால் அதில் பாரபட்சம் இல்லை என்று நீதிபதி எழுதியிருந்தார்.

"ஜெயிச்சாச்சு இல்ல?" என்றான் ஆர்லோ.

"லேலண்ட் ஜெயிச்சாரு. நான் பாதிதான்."

அவளுக்கு முகம் எரிந்தது. நேர வரம்பு செல்லும் என்பது பழைய தீர்ப்புகளை அரைமணி நேரம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். கோபத்தில் தேடவில்லை.

"கீழே ஒரு ஓரமா சின்னப் பெட்டியில திருத்தம் போட்டுடலாம்" என்றார் டுவெய்ன். "யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?"

"வெர்லின் வெச்சிருப்பான். அந்த ஒரு விஷயத்துல அவன்தான் சரி."

அவள் பிடிவாதத்தால் திருத்தம் முதல் பக்கத்திலேயே வந்தது. 'கோபத்தில் எழுதினேன், சரிபார்க்கவில்லை, தவறு என்னுடையது' என்று எழுதியிருந்தாள். இனி யாரும் தன்னை நம்பப் போவதில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை வெர்லின் வந்து நின்றான். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அக்குளில் ஒரு கோப்போடு சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"புது விதி எழுதணும். நாலு பக்கம் எழுதியாச்சு. படிச்சா எனக்கே தலையும் புரியல வாலும் புரியல. நீ ஒரு தடவை பாரேன்."

"தப்பா எழுதினவகிட்டயா வந்து கேக்குற?"

"அதை நீயா வந்து ஒத்துக்கிட்டியே. எனக்கு அது வரலை" என்றான் வெர்லின், காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

மதியம் வரை உட்கார்ந்தார்கள். நான்கு பக்கம் ஒன்றானது. 'கண்ணியமாகப் பேச வேண்டும்' என்ற வரியில் ஆர்டிஸ் பென்சிலை நிறுத்தினாள்.

"கண்ணியத்தை அளக்கப் போறது யாரு?"

"தலைவர்தான். நான்."

"அப்ப இதை எடுத்துடு."

வெர்லின் பெருமூச்சு விட்டு அந்த வரியை அடித்தான். கவுண்டி வழக்கறிஞரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே வாக்கெடுப்புக்கு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

மே மாதக் கூட்டத்தில் பேசுவதற்குப் பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வழக்கமாக இரண்டு பேர் வந்தாலே அதிகம். முதலில் லேலண்ட். வெர்லினின் பெயரை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். இரண்டு நிமிடத்திலேயே சொல்ல வந்தது தீர்ந்துபோய், கொஞ்சம் தடுமாறி நின்றார்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, லேலண்ட்" என்றான் வெர்லின்.

"வேணாம். அவ்வளவுதான் விஷயம்."

"வியாழக்கிழமை இன்ஜினியரைக் கூட்டிட்டு அந்த ரோட்டுக்கு வர்றேன். நீங்களும் வாங்க."

ஜூன் கடைசியில் சரளை லேலண்டின் வயல் தாண்டிப் போயிற்று. ஆர்டிஸின் மேசையில் அந்த வாரம் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கடிதம் இருந்தது. நீதிமன்றத்தில் ஜூரியாக, நடுவர் குழுவில் உட்காரக் கூப்பிட்டால் முதலாளி விடுப்பு மறுக்கலாமா என்று கேட்டிருந்தார். பதில் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சட்டப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிரிவைத் தேட ஆரம்பித்தாள்.