இடப்பக்கத்து மிதிபலகை

பழைய லாரி வாங்கப் போனால் நான் எஞ்சினைப் பார்க்க மாட்டேன். விரலை மடக்கித் தகரத்தைத் தட்டிப் பார்ப்பேன். டங் என்றால் இரும்பு. தொப் என்றால், துரு தின்ற ஓட்டையை எதையோ வைத்து அடைத்து மேலே பெயிண்டைப் பூசி என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அர்த்தம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பன்னிரண்டு லாரிக்கு முதலாளி ஆனது இந்த ஒரு விரலால்தான். என்னை ஏமாற்றியவன் என்று காரைக்குடியில் ஒருவனைக் காட்டுங்கள், பார்ப்போம். இந்தச் சந்தேகப் புத்தி எனக்கு ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. வரக் காரணம் என் தாய்மாமன்.

மாமா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் புதுக்கார் இறக்கியதும், ஒழுகுகிற கொட்டகையில் கிடந்து துருப்பிடித்துப்போன பழைய காரை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அதை இரண்டு மாடு இழுத்து வந்தன. ஊரே கூடிச் சிரித்தது. மாமா எங்கள் வைக்கோல் கொட்டகையில் அதை நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

எதற்காக இறங்கினார் என்பதில்தான் எனக்கு முதல் சந்தேகம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர் என் அக்காவைப் பெண் கேட்டிருந்தார். முறைக்காரர், கேட்டதில் தப்பில்லை. ஐயாதான், "அடுத்தவன் வண்டியத் துடைக்கிறவனுக்கு எம் மகளா?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொன்ன கையோடு சிவகங்கைப் பக்கம் நிலம் நீச்சு உள்ள ஓர் இடத்தையும் பேசிவிட்டார். அவர்கள் வந்து பெண்ணைப் பார்ப்பது, பிடித்துப்போனால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அந்தச் சம்பந்தி வீட்டாரைக் காரைக்குடி ரயிலடியிலிருந்து காரில் நானே அழைத்து வருகிறேன் என்று மாமா முன்வந்தார். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கியதில்லை. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எந் தம்பிக்குத் தங்கமான மனசு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்கு இல்லை என்றான பெண்ணை இன்னொருவன் பார்க்க வருவதற்கு, ஒருவன் கை தோல் உரியத் துருத் தேய்ப்பானா? பெரியவர்கள் இரண்டு பேரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை.

மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, செங்கல் துண்டாலும் மணலாலும் தேய்த்தார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சில இடங்களில் துருவோடு வண்டியும் சேர்ந்து உதிர்ந்தது. காலி மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி நிமிர்த்தி, ஓட்டைமேல் வைத்து, ஈயத்தைக் காய்ச்சிப் பற்றவைத்தார். கதவுகள், சக்கரத்து மேல்மூடிகள், ஏறி இறங்கக் கால் வைக்கிற மிதிபலகையில் வலப்பக்கத்தது எல்லாம் முடிந்தன. இடப்பக்கத்து மிதிபலகை மட்டும் நடுவில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஊருல இருந்த டின்னையெல்லாம் வெட்டியாச்சு மச்சான். தகரம் தீந்துபோச்சு. இனி என்ன செய்யிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

யோசனை கேட்டால் ஐயாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். "சுண்ணாம்பப் போடு. முட்டையும் கடுக்காயும் விட்டு அரைச்ச சுண்ணாம்பு. செட்டியார் வீட்டுச் செவரெல்லாம் அதுலதானே நிக்குது? ஆணி அடிச்சா ஆணில்ல வளையுது!"

"வண்டி குலுங்குமே மச்சான்."

"குலுங்கட்டும். மதயானை முட்டுனாலும் அசையாத பூச்சுடா அது. நாஞ் சொல்றேன், போடு."

"பெரியவுக சொன்னாச் சரிதான்" என்று மாமா தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியதை உயரம் குறைந்த நான் ஒருவன்தான் பார்த்தேன்.

அடியில் சாக்கைக் கட்டி, சுண்ணாம்பை அப்பி, கூழாங்கல்லால் மூன்று நாள் இழைத்து, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்தாயிற்று. ஐயா அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். பாறை மாதிரி இருந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "நாஞ் சொன்ன யோசனை" என்று மிதிக்கச் சொன்னார். நான் விரலால் தட்டினேன். தொப் என்றது.

பூச்சு காய்ந்த பிறகும் கோழிக்கூட்டில் முட்டை குறைந்துகொண்டே வந்தது. ஒளிந்திருந்து பார்த்தேன். அக்கா அவித்த முட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அவளும் மாமாவும் வெளியே போன பிறகு நான் உள்ளே புகுந்து துழாவினேன். வைக்கோலுக்கு அடியில் கையில் ஒரு தகரம் தட்டுப்பட்டது. சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். ஓரம் வழுவழுவென்று ராவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றியிருந்தது. தகரம் தீர்ந்துவிட்டது என்றாரே!

எனக்கு விளங்கிப்போயிற்று. தகரம் பெட்டி செய்ய. முட்டை வழிச்சாப்பாட்டுக்கு. ரயிலடிக்குப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு மாமா ரங்கூனுக்கு ஓடப்போகிறார்! ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயாகிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதடா, என் ராசால்ல. மாமாவ அடிச்சே கொன்னுருவாக. ஒன்னையும் ரயிலடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். ஆரன் நீதான் அடிக்கணும், சரியா?"

ஹாரனுக்காக நான் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

ரயிலடியில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் இறங்கினார்கள். மாப்பிள்ளை ஒல்லி. அப்பா இரண்டு ஆள் கனம். மாமா வலப்பக்கத்துக் கதவைத் திறந்து அவர்களை ஏற்றினார். நான் முன்னால் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிப் பாம் பாம் என்று அடித்துக்கொண்டே வந்தேன். மாமா ரங்கூன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நல்ல ரோட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தைத் தேடித் தேடி இறக்கினார். இடப்பக்கத்திலிருந்து மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமாவைப் பார்த்தேன். சீட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாசலில் ஊரே நின்றது. மாமா சுற்றிக்கொண்டு ஓடி வந்து இடப்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இங்குட்டு இறங்குங்க, பெரியவுகளே."

பெரியவர் காலை வைத்தார். கரக் என்றது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் பட்டுவேட்டி கிழிந்து, கால் முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்போடு வெளியே வந்தார். ரத்தம் இல்லை, சிராய்ப்புத்தான். கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

"வெத்தல பாக்கு வைக்கிறதுக்கு முன்னாலயே சம்பந்திக்குச் சுண்ணாம்பு வச்சிட்டீகளேய்யா!"

அதற்குமேல் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. "வாசல்லயே காலை வாரிவிடுற வீட்டுல பொண்ணு எடுக்கவா?" என்று பெரியவர் கத்தினார். ஐயா கும்பிட்டார், கெஞ்சினார். வாசல்படி ஏறாமலே, எதிர்வீட்டு மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்லித் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐயா மாமாவை அடிக்கக் கையை ஓங்கினார். மாமா நகரவே இல்லை. "சுண்ணாம்பப் போடச் சொன்னது நீங்கதானே மச்சான்?" என்றார் மெதுவாக. அதைக் கேட்காத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஐயாவின் கை தானாக இறங்கியது.

சுண்ணாம்புக் கதை சுற்றுவட்டாரமெல்லாம் பரவி, அதன்பிறகு ஓர் இடமும் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த தையில் அக்காவை மாமாவுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அதே காரில் ஊர்வலம். மாமாவின் சிநேகிதர் ஓட்ட, ஹாரனுக்கு நான். ஏறுவதற்கு முன் இடப்பக்கத்து மிதிபலகையைத் தட்டிப் பார்த்தேன். டங். குனிந்து பார்த்தேன். வைக்கோலுக்கு அடியில் இருந்த அதே வட்டத் தகரம், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எப்ப ஒட்டுனீக மாமா?"

"அன்னைக்குச் சாயங்காலமே ஒட்டிட்டேன், மாப்ள."

எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. அக்காவின் காதோரம் போய்ச் சொன்னேன்: "சொல்லாத சொல்லாதன்னு என் வாய அடைச்சியே. நான் ஐயாகிட்டச் சொல்லியிருந்தா அந்தத் தகரத்த முன்னாடியே ஒட்டியிருப்பாக. ஒனக்குச் சிவகங்கை மாப்பிள்ளை கெடச்சிருப்பாக."

அக்கா மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பறிபோன மாப்பிள்ளைக்காக அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். என்னால் ஆனது ஒன்றுதான் இருந்தது. "ஒரே ஒரு தடவை நீ அடிச்சுக்க" என்று ஹாரனை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். பின்னாலிருந்து எட்டிப் பிடித்தவள், ஊர் எல்லை தாண்டும்வரை விடவே இல்லை.