மின்னி பேயிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய்

சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் ஏறக்குறைய எழுநூற்று நாற்பது மைல். நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, தீவின் மலைகள் கடலிலிருந்து எழுந்தபோது என் நெஞ்சில் நின்றது ஒரே எண்ணம்: அக்காவைக் காணப்போகிறேன்! மீன்பிடிக்கும் சேவியர் அத்தானை மணந்து இங்கு வந்த ஆரோக்கியம் அக்கா, ஒன்பது ஆண்டுகளாக ஊர் திரும்பவில்லை. கல்லூரிப் பேச்சு மேடைகளில் நான் பெற்ற வெற்றிகளை அவள்முன் அடுக்கவே ஒரு மாத விடுப்போடு கப்பலேறினேன்.

துறையில் அத்தான் மட்டும் நின்றார். "அக்கா ஆஸ்பத்திரில இருக்காப்பா. டைபாய்டு. காப்ஸ்யூல் போட்டும் ஜுரம் எறங்கல."

"மின்னி பே பூரா இதே ஹால்தான் பாய்," என்றார் ஜீப் ஓட்டுநர், அக்கா குடியிருக்கும் அக்கடலோரப் பகுதி முழுதும் இதே நிலைதான் என்று இந்தி கலந்து.

ஆஸ்பத்திரியில், அவள் தொற்று நோயாளியாதலால் நான் சன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். அக்கா தலையை மட்டும் திருப்பினாள். "வந்துட்டியால? மேடையில கத்திக் கத்தியே மெலிஞ்சிட்டியே!" வெற்றிகளை அடுக்க வந்த நான், ஜுரம் எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன்.

வழக்கமான மருந்துக்கு இக்கிருமி சாகவில்லை என்று ஐயுற்ற மருத்துவர், வீடுவீடாக விசாரிக்கப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். மின்னி பேயில் பெண்கள் கூடியதும் நோய்க்கிருமியின் கொடுமை குறித்து முழங்கத் தொடங்கினேன்.

"தம்பி, மைக் கொண்டாரலையா?" என்றார் அக்காவின் பக்கத்து வீட்டு மேரி. சிரிப்பு அடங்கியபின் அவரே சொன்னார்: "ஜுரம் விட்டா மீதி காப்ஸ்யூல எடுத்து வச்சிருவோம். அடுத்த ஜஹாஜ் வரலன்னா என்ன செய்ய? ஒங்க அக்காளுக்கு நான்தான் குடுத்தேன். முன்னால அவ எனக்குக் குடுத்தது அது."

ஜஹாஜ் எனும் கப்பல் தவறினால் உதவுமென்று, சோப்பையும் தீப்பெட்டியையும் போல மருந்தையும் பாதி சேமித்திருக்கிறார்கள்! அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி, அம்மருந்தையே வெல்லப் பழகிவிட்டிருக்கக்கூடும் என்றார் மருத்துவர்.

புதன் மாலை அவர் என்னை அழைத்தார். அக்காவின் குருதியில் கண்ட கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்திருந்தார். எம்மருந்துக்கு அது சாகும் எனச் சோதிக்கும் வசதி சென்னையில்தான் உண்டு. முடிவு தந்தியில் வந்தால்தான் உரிய மருந்தை வரவழைக்கலாம். மற்றத் தீவுகளையும் எச்சரிக்கலாம். முன்பு தபால் மூட்டையில் அனுப்பிய குழாய் உடைந்துபோயிற்றாம். நான் வந்த கப்பல் மறுநாளே திரும்புகிறது; அதில் இக்குழாயை நானே கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார்.

"ஒரு மாசம் இருப்பேன்னு எழுதினியேல," என்றாள் அக்கா, சன்னலுக்கு அப்பாலிருந்து. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி, போ. பார்த்துக் கொண்டுபோ."

வியாழன் நண்பகல் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்துக்கு நான் செல்லவில்லை. பஞ்சு பொதிந்த தகரப்பெட்டியை மடியில் இருத்தி, அலை தூக்கும்போதெல்லாம் இரு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஒன்பது ஆண்டுகள் ஊருக்கு ஏங்கியவள் வரவில்லை. அவளைக் கொல்லத் துடிக்கும் பகைதான் வருகிறது. அதைக் குழந்தையைப்போல் காத்துக்கொண்டு நான் ஊர் திரும்பினேன்.