குளிரில் பிழைத்த ஈஸ்ட்

மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டிச் சுற்ற வேண்டுமென்றால் ஈஸ்ட்டம்மா ஊரில் இருக்கக் கூடாது. கணவர் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பார். மகள் அம்மா மாட்டிவிட்ட ஸ்வெட்டருக்குள் முணுமுணுப்பாள். குளிர் பட்டால் எதுவும் வளராது என்பது ஈஸ்ட்டம்மாவின் கட்சி. ஆய்வகத்திலும் குடுவைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். சூடு குறைந்தால் பதறுவாள். ஈஸ்ட்டம்மா என்று பெயர் வைத்தவர், அடுத்த அறையில் விதைகளை ஆராயும் விதைக்காரர்.

ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டுக்குள் ஆமணக்கின் மரபணு ஒன்றைச் செருகி, ஆமணக்கு எண்ணெயில் கிடைக்கும் அபூர்வமான கொழுப்பு அமிலத்தைச் செய்யவைப்பது அவள் வேலை. பெயிண்ட்டுக்கும் மசகு எண்ணெய்க்கும் வேண்டிய சரக்கு. ஆமணக்கு விதையிலோ நஞ்சும் சேர்ந்தே இருக்கிறது. விதைக்காரர் அதே மரபணுவை வேறொரு எண்ணெய்வித்துச் செடியில் வைத்திருந்தார். அவர் விதைகள் சுருங்கின. இவள் ஈஸ்ட் செத்தது. அமிலம் சேரச் சேர, அதைச் செய்த உயிருக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தத் தடவையும் தேறலைன்னா ஈஸ்ட் வேலைய மூடிடலாம்மா. நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கங்க" என்றார் இயக்குநர். ஸ்டோரில் எதுவும் வளராது.

கடைசி முயற்சியின்போதுதானா, அவளுடைய குடுவைகளைக் குலுக்கும் இயந்திரத்தின் ஹீட்டர் போய்விட்டது. மிச்சமிருந்தது விதைக்காரருடையது. அது அவருடைய செடிச் செல்களுக்காக இருபது டிகிரியில் ஓடியது. ஈஸ்ட்டுக்கு அவள் வைப்பது முப்பது. அங்கே ஒரு சட்டம்: முதலில் வைத்தவர் சூடுதான் எல்லோருக்கும்.

"கொஞ்சம் ஏத்திக்கட்டுமா சார்?"

"பட்டன்ல கை வச்சீங்கன்னா நம்ம பேச்சுவார்த்தை முடிஞ்சுது. என் செல்லெல்லாம் வெந்துடும்."

"என் பிள்ளைங்க விறைச்சிடுமே!"

"ஒரு போர்வை போத்தி விடுங்க."

வேறு வழியில்லாமல் வைத்துவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்துக் குடுவைகளை எடுத்தபோது ஈஸ்ட் மெதுவாகத்தான் வளர்ந்திருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது. எண்ணெயைப் பிரித்து, அமிலங்களை அளக்கும் கருவியில் போட்டாள். திரையில் ஆமணக்கு அமிலம் வரவேண்டிய இடத்தில், இதுநாள்வரை எறும்புப் புற்று அளவுக்கே எழுந்த கோடு, மலையாக ஏறியது. கருவிக்குத்தான் கோளாறு என்று இன்னொரு குடுவையிலிருந்து போட்டாள். மறுபடியும் மலை.

"சார், ஓடி வாங்க!"

விதைக்காரர் ஒற்றைக் கையுறையோடு ஓடிவந்தார். "அடேங்கப்பா! குளிர்லதான் பிழைச்சிருக்குங்க. என் மெஷின்ல பொறந்ததாலே நான்தான் தாய்மாமன்."

"அப்ப மெஷினை மருமக்களுக்கே விட்டுக் குடுத்துடுங்க, தாய்மாமா!"

சத்தம் கேட்டு வந்த இயக்குநர் திரையில் இருந்த கோட்டை இரண்டு முறை பார்த்தார். "ஸ்டோருக்கு வேற ஆளைத் தேடணும் போலிருக்கே."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஈஸ்ட்டம்மா நேரே போய் மின்விசிறியை ஐந்தில் வைத்தாள். கணவர் பயந்துபோனார்.

"ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"முப்பது டிகிரி ஆகாதுங்க. இருபதுதான் நல்லது."

"இதைத்தானே நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன்!"

"நீங்க ஈஸ்ட் இல்லையே, நம்புறதுக்கு."

மகள் அதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்திருந்தாள். ஈஸ்ட்டம்மா அதை எடுத்துத் தான் போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டே சிரித்தாள்.