எதெல்வினாவின் கறுப்புப் பாவாடை

எங்கள் மலையில் துக்கக் கறுப்பை ஒரு வருடம் உடுத்துவோம். ஆண்டு முடிந்ததும் பன்றி அறுத்து, ஊருக்குச் சோறு போட்டு அவிழ்த்துவிடுவோம். எதெல்வினா பத்தொன்பது வருடம் அவிழ்க்கவில்லை.

அவள் புருஷன் செலஸ்தீனு, எழுபத்தைந்தில் நாங்கள் ஒன்பதே நாள் சுதந்திரமாக இருந்தபோது ஏற்றிய கொடியைக் கூரை ஓலைக்குள் ஒளித்து வைத்திருந்தான். எண்பத்து மூன்றில் இந்தோனேசியச் சிப்பாய்கள் அதை இழுத்தெடுத்தார்கள். ஊரையே மாதா கோயில் முற்றத்தில் நிற்கவைத்து, அந்தத் துணியை அவன் வாயில் திணித்துச் சுட்டார்கள். கொடியும் வாயுமாக எரித்தார்கள். அள்ளிப் புதைக்கக் கைப்பிடிச் சாம்பல்தான் கிடைத்தது.

"அந்தக் கொடி திரும்ப வரட்டும், அப்ப அவுக்கறேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. தையல் மெஷின்தான் பேசியது.

தொண்ணூற்றொன்பதில், சுதந்திரம் வேண்டுமா என்று எங்களைக் கேட்ட வாக்கெடுப்புக்கு முந்தின வாரம், அந்தக் கொடியை ரகசியமாகத் தைக்க ஆரம்பித்தாள். வீட்டு மூங்கிலில் பறக்கவிடச் சொல்லி இந்தோனேசியர்கள் கொடுத்த அவர்களுடைய சிவப்பு வெள்ளைக் கொடியை வெட்டினாள். சிவப்பு, பரப்புக்கு. வெள்ளை, நட்சத்திரத்துக்கு. தேர்தலில் கட்சிக்காரர்கள் இலவசமாக வீசிய சட்டையிலிருந்து மஞ்சள். கறுப்பு முக்கோணம் மட்டும் இல்லை. அது தன் பாவாடையிலிருந்துதான் வரவேண்டும் என்று இருந்தாள். நட்சத்திரம் அந்தக் கறுப்பின் மேல்தான் உட்காரவேண்டும்; ஒட்ட இடமில்லாத அதையும் சேர்த்து மடித்துப் பாவாடையின் இடுப்பு உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. நாங்கள் ஜெயித்திருந்தோம். மறுநாள் காலை இந்தோனேசியர்களின் கூலிப்படை மலையேறியது. நான் பக்கத்துக் காப்பிச் செடிகளுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். முன்னால் வந்தவன் சக்கரியாஸ், எங்கள் தெருக்காரன். தலையில் சிவப்பு வெள்ளைப் பட்டை, கையில் வெட்டுக்கத்தி.

"அக்கா, எல்லா வீட்டுலயும் கொடி பறக்குது. உன் மூங்கில் மட்டும் ஏன் மொட்டையா நிக்குது?"

"துவைச்சுப் போட்டிருக்கேன்."

"கொடியில கொடியக் காணோமே!" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் குனிந்து மெஷின் அடியிலிருந்து ஒரு சிவப்புத் துணுக்கை எடுத்தான். சிரிப்பு நின்றது.

"எதைத் தைச்ச? எங்க அது?"

"உன் முதல் நற்கருணைக்குச் சட்டை தைச்ச கைடா இது. கத்தியக் கீழ போடு, சக்கி."

"அதே கைதானா? நீட்டு."

அவள் நீட்டவில்லை. இரண்டு பேர் பிடித்து மெஷின் பலகைமேல் வைத்து அழுத்தினார்கள். வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஒன்று உருண்டு மிதிகட்டைக்குள் மாட்டிக்கொண்டது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தார்கள். கொடி இருந்த இடத்திலேயே உதைத்தார்கள்.

"பாவாடைய அவுத்துப் பாருங்கடா" என்றான் ஒருவன்.

"துக்கத் துணியத் தொடாத" என்று சக்கரியாஸ் கத்தினான். "செத்தவன் உன் கூடவே உன் வீட்டுக்கு வந்துருவான்."

அடுத்தவள் விரலை வெட்டியவனுக்குப் பேய்க்குப் பயம். கூரையில் தீயை வைத்துவிட்டுப் போனார்கள். நான் அவளை இழுத்து வெளியே போட்டேன். மெஷின் உள்ளேயே கருகியது.

இரண்டரை வருடம் கழித்து சக்கரியாஸ் எல்லைக்கு அப்பால் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தான். ஊர்ப் பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். செய்ததைச் சொன்னான். அவளிடம் கேட்டார்கள்: ஈடாக என்ன வேண்டும்? எருமையா, வீட்டுக்குக் கூரையா?

அதற்கு முந்தின வாரம்தான் தலைநகர் டிலியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் கொடிக்கு அர்த்தம் சொல்லியிருந்தார். மஞ்சள், காலனி ஆட்சியின் தடயம். சிவப்பு, போராட்டம். வெள்ளை, சமாதானம். கறுப்பு, நாம் தாண்டவேண்டிய இருட்டு. "அப்ப அந்த இருட்டைப் பத்தொன்பது வருஷமா இடுப்புல கட்டியிருக்கேன்" என்று இவள் சொல்ல, அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

இப்போது எழுந்து உள்ளே போனாள். பூப்போட்ட கைலியில் திரும்பி வந்தாள். ஊர் வாய் பிளந்தது. பாயின்மேல் பாவாடை, அதன் மடிப்பிலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் தைத்த சிவப்புத் துணி, நட்சத்திரம், ஊசி, நூல், கத்தரிக்கோல்.

"தைக்கட்டும்" என்றாள்.

"எனக்குத் தைக்கத் தெரியாதுக்கா."

"எனக்கு இடது கையால சாப்பிடத் தெரியாது. கத்துக்கிட்டேன்."

அவள் சொல்லச் சொல்ல அவன் வெட்டினான். முக்கோணத்தைத் தைத்து முடிக்கவே மத்தியானம் ஆனது. நட்சத்திரத்தை நேராக நிறுத்தித் தைத்தான்.

"ஒரு முனை கம்பத்து மேல் மூலையப் பாக்கணும். பிரி."

பிரித்தான். மறுபடி தைத்தான். கோணல்.

"பிரி."

மூன்றாவது தடவை ஊசி அவன் விரலுக்குள் நகம்வரை இறங்கியது. வலியோடு நிமிர்ந்து, "மன்னிச்சுட்டியாக்கா?" என்றான்.

எதெல்வினா அந்த விரலைப் பிடித்து, துணியிலிருந்து அப்பால் தள்ளினாள்.

"ரத்தம் சிவப்புல விழுந்தா பரவாயில்ல. நட்சத்திரத்துல விழாமப் பாரு. தை."