வாசுகி எழுதிய இரண்டு பக்கம்

பவானிபூரில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறாள் வாசுகி. ஒன்பதாம் வகுப்புத் தாள்களைத் திருத்தும்போதெல்லாம் அவளுக்குத் தலைவலி வரும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒற்றை எழுத்து, 'டுமாரோ'வின் தலையில் ஒரு 2, எங்கேயும் முற்றுப்புள்ளி கிடையாது. இந்த ஜூனில் 'ஊர் மாறிப் போன தோழிக்குக் கடிதம்' எழுதச் சொல்லியிருந்தாள். மேக்னா என்ற பெண் ஏழே வரியில் முடித்திருந்தாள். தாள் முழுக்கச் சிவப்பு வட்டம் போட்டு, பத்துக்கு மூன்று கொடுத்தாள் வாசுகி.

"லெட்டர்னா இப்படியா எழுதுவாங்க?"

"நிஜமாவே அவளுக்கு நான் இப்படித்தான் மிஸ் எழுதுவேன்" என்றாள் மேக்னா.

வாசுகிக்குச் சுருக்கென்றது. அவளும் தோழிக்குக் கடிதம் எழுதியவள்தான். கிடர்பூர் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவள் தமிழரசி. எட்டாவது படிக்கும்போது அரசியின் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிவிட்டது. அதற்குப்பின் பத்து வருஷம், மாதம் இரண்டு இன்லேண்ட் லெட்டர். அந்த நீலத் தாளில் இடமே போதாது. மடிக்கிற ஓரத்தில் எழுதி, பசை தடவும் இடத்திலும் எழுதி, ஒட்டும்போது கடைசி வரி மறைந்துபோகும். லோட்ஷெடிங், துறைமுகத்தில் ஊதிய கப்பல், துர்கா பூஜைக்கு எத்தனை பந்தல் பார்த்தோம், யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் அதில் போகும். வாசலில் தபால்காரர் "திதிமணி, சிட்டி!" என்று வங்காளியில் கடிதம் வந்ததைக் கூவினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். பிறகு போன் வந்தது, செல்போன் வந்தது. இப்போது தினமும் காலையில் ஒரு பூப்படம்.

தாள்களைக் கொடுத்த மறுவாரம், இரண்டு பீரியடுக்கு நடுவே அரசியிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா போயிட்டாங்க.' மணி அடித்துவிட்டது. கும்பிடும் கைகளைப் போட்டு, 'ரொம்ப வருத்தமா இருக்கு, டேக் கேர் டி' என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு வகுப்புக்குள் போனாள் வாசுகி. சாயங்காலம் கூப்பிட நினைத்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டாள்.

காரியம் முடிந்து, இப்போதிருக்கும் கோயம்புத்தூரிலிருந்து அரசியே கூப்பிட்டாள்.

"நூத்தி முப்பது பேர் கும்பிட்டிருந்தாங்கடி. அதுல உன் கை எதுன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

"அரசி..."

"கோவமெல்லாம் இல்ல. அம்மாவப் பத்தி நீ ரெண்டு பக்கம் எழுதுவேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசுகி பேனாவும் தாளுமாக உட்கார்ந்தாள். 'அன்புள்ள அரசி' என்று எழுதியதும் கை நின்றது. செல்போனில் வருவதுபோல அடுத்த வார்த்தை தானாக வந்து நிற்கும் என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்துப் படித்துப் பார்த்தால், துண்டு துண்டாக ஏழெட்டு வரி. மேக்னாவின் தாள்தான் ஞாபகம் வந்தது. மதிப்பெண் பதிவதற்காகத் திரும்ப வாங்கிய கட்டு வீட்டில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். சிவப்பு வட்டங்களுக்கு நடுவே, அரைகுறைச் சொற்களில் ஒரு வரி கிடந்தது: நீ போனதிலிருந்து என் பெஞ்சு ரொம்பப் பெரிசாகிவிட்டது. திருத்தியவள் அதைப் படிக்கவே இல்லை.

அரசி வீட்டுச் சாமான்களோடு நீல லாரி போன அன்று, மேல்மாடியில் இட்லி மாவு ஆட்டும் சத்தம் நின்றுபோனது வாசுகிக்கு நினைவு வந்தது. தன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் முழுக்க, அரசியின் அம்மாதான் வாசுகிக்கும் சேர்த்துத் தலை பின்னிவிட்டாள். இழுத்துப் பின்னுவாள், கண்ணில் தண்ணீர் வரும். அங்கிருந்து எழுத ஆரம்பித்தாள். விரல் வலித்தது. இரண்டு இடத்தில் ரகரமா றகரமா என்று சந்தேகம். அடித்து எழுதினாள். இரண்டு பக்கமும் நிறைந்தது.

திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டு, வகுப்பில் மேக்னாவைக் கூப்பிட்டாள்.

"ஸ்பெல்லிங்குக்குக் கழிச்சது கழிச்சதுதான். ஆனா அந்த பெஞ்சு வரிக்கு ரெண்டு மார்க் கூட. அத அவளுக்கு அனுப்பினியா?"

"இல்ல மிஸ். அனுப்பினா ஒரு ஸ்மைலி போடுவா."

"போடட்டும். நீ அனுப்பு."

ஒரு வாரத்தில் அரசியின் செய்தி வந்தது. 'கெடச்சுது. மூணு தடவ படிச்சேன். பதில் எழுதறேன், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சு, டைம் குடு.'

ஜூலையில் வரவில்லை, ஆகஸ்டிலும் வரவில்லை. வாசுகி கேட்கவும் இல்லை. மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது மாடிப்படியின் கீழே தபால் பெட்டியில் ஒரு தடித்த உறை இருந்தது. நாலு பக்கம், பாதி அடித்தல் திருத்தல். அங்கேயே நின்று முழுக்கப் படித்தாள். அன்று முதல் பீரியடுக்கு அவள் போய்ச் சேரவில்லை.