கேட்டைத் தாண்டிய நான்கு லாரிகள்

குழாய் ஆலையில் அவளை எல்லோரும் ‘கணக்கக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் யாருடைய பில்லோ திரும்பப் போகிறது என்று அர்த்தம்.

வருடக் கடைசி நாளில் ஆலைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டைத் தாண்டிய சரக்கெல்லாம் விற்பனை. அதனால் வாங்குபவர் அவசரப்பட்டாரோ இல்லையோ, லாரிகளை வெளியே தள்ளிவிட்டுக் கைதட்டுவார்கள். இந்த வருடம் ஆலை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அவர்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே கணக்கு விதி: சரக்கு வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் விற்பனை. சுற்றறிக்கையை அவள்தான் பலகையில் ஒட்டினாள். அதன் மேலேயே யாரோ கால்பந்து அட்டவணையை ஒட்டிவிட்டார்கள்.

இன்று லாரிகளைத் தள்ளியவன் அவளுடைய தம்பி. விற்பனைப் பிரிவில் தற்காலிக ஆள். இலக்கைத் தொட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றோடு சரி.

வியர்த்து வழிய உள்ளே வந்தான்.

“நாலும் போயிடுச்சுக்கா! டார்கெட் முடிஞ்சுது. டீ சொல்லவா?”

“எங்கடா போச்சு? எதிர்ல பெட்ரோல் பங்க்லதான் படுத்துக் கிடக்கு.” ஜன்னலைக் காட்டினாள்.

“கேட்டத் தாண்டிடுச்சுல்ல?”

“இந்த வருஷம் கேட் கணக்கில்லடா. அங்க போய் இறக்கணும்.”

 கதவைச் சாத்தினான். “நீ பாக்கலன்னு இருந்துடுக்கா. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு நம்ம பங்க் தெரியுமா?”

தெரியாதுதான்.  அப்பா போனபிறகு அவனைப் படிக்கவைத்தவள் அவள். மாலைக்குள் அவர்களுக்கு அவள் அனுப்பவேண்டியது ஒரே ஒரு எண், வருட விற்பனை.

“எனக்குத் தெரியுமேடா.”

“எவனோ எழுதின விதி உனக்குத் தம்பிய விடப் பெருசாப் போச்சு!”

அவள் பில்களை விரித்தாள். மூன்று வெளியூர்; இன்றைக்குள் போய்ச் சேராது. ஒன்று பக்கத்து பைபாஸ் கடைக்காரருடையது.

“இவர் நிஜமாவே கேட்டாரா?”

“கேட்டாரு. அடுத்த வாரம் போதும்னாரு.”

“லாரில ஏறு. கெஞ்சியாவது இன்னிக்கே இறக்கிக் கையெழுத்து வாங்கு.”

“ஒண்ணு போதாதுக்கா.”

“போதும்னு நான் சொல்லல. ஓடு.”

பொழுது சாயும்போது கைப்பேசியில் படம் வந்தது. கடை வாசலில் குழாய்க் குவியல். ஓரத்தில் தம்பியின் பாதி முகம். அதில் சிரிப்பில்லை. மூன்று லாரிகளை நீக்கி, ஒன்றை மட்டும் வைத்து, எண்ணை அனுப்பினாள். இலக்கு எட்டவில்லை.

அம்மாவிடம் யார் முதலில் சொல்வது? நாற்காலியை விட்டு எழாமலே இருந்தாள். பங்க்கில் மூன்று லாரிகளும் ஆலைக்குத் திரும்ப இன்ஜினைக் கிளப்பின.