ஷீலாவின் பெயரில் சிரித்த சபை

ஜெபகுமாருக்கு வார நாட்களில் பல்லாவரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிச்சூர் சபையில் மொழிபெயர்ப்பு. வெளியூர்ப் போதகர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்து மைக்கில் ஜெபகுமார் அதைத் தமிழில் சொல்லுவார். பன்னிரண்டு வருடப் பழக்கம். வசனம், சாட்சி, கண்ணீர் எல்லாம் தங்கு தடையில்லாமல் வரும். சிலேடையில்தான் வண்டி நின்றுவிடும். ஓசையால் சிரிக்கவைக்கும் ஒன்றைத் தமிழில் இறக்கினால் சொற்கள் மட்டும் இறங்கும். சிரிப்பு ஆங்கிலத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சிலேடை வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு, "எங்க வீட்ல பாருங்க..." என்று ஆரம்பிப்பார். மனைவி ஷீலா சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட கதை. கணவனைத் திருடன் என்று நினைத்துத் துடைப்பத்தால் அடித்த கதை. சபை குலுங்கும். தன் சிலேடைக்குத்தான் இத்தனை சிரிப்பு என்று போதகரும் பூரித்துப்போவார். ஷீலா மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

ஷீலா செம்பாக்கத்தில் பள்ளி ஆசிரியை. ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நம்ம சபைக்கு வர்ற ஒரு அம்மா எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க, 'மிஸ், நெஜமாவே சாரைத் தொடப்பத்தால அடிச்சீங்களா?'ன்னு. ஹெட்மிஸ்ட்ரஸ் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. நம்ம வீட்ல தொடப்பம் எங்க இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"இன்னொரு தடவை அந்த மாதிரி கதை மைக்ல வந்துச்சு, அடுத்த வாரத்துலேர்ந்து நான் செம்பாக்கம் சர்ச். நீங்க மட்டும் போய்க்கோங்க."

ஷீலா சும்மா மிரட்டுகிறவள் அல்ல. ஞாயிறு காலை ஸ்கூட்டரில் பின்னால் அவள் இல்லாமல் போவதை ஜெபகுமாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிறு ஷில்லாங்கிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். டீ கொடுக்கும்போதே ஜெபகுமார் கேட்டுவைத்தார்: இன்றைக்கு நகைச்சுவை ஏதாவது உண்டா? ஒன்றுமில்லை என்று தலையாட்டினார் அவர். கீபோர்டு வாசிக்கும் மெர்வின் ஷீலாவைப் பார்த்ததும், "அக்கா, இன்னைக்கு சாம்பாரா, தொடப்பமா?" என்றான். அவள் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இருபது நிமிடம் எல்லாம் சரியாகப் போனது. அதன் பிறகு போதகர் தன் பழைய செருப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் செருப்பின் அடித்தோலுக்கும் ஆத்துமாவுக்கும் 'சோல்' என்று ஒரே ஓசை. செருப்புத் தைப்பவரும் 'சோல்'களைக் காப்பாற்றுகிறவர்தானே என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஜெபகுமாரின் வாயைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல..." நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷீலா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள், எழுந்துவிடப்போகிறவளைப் போல.

"ஐயா சொன்னது இங்கிலீஷ்ல நல்ல ஜோக்கு," என்றார் ஜெபகுமார். "தமிழ்ல எனக்கு வரல. பன்னெண்டு வருஷமா ஜோக் வராதப்பல்லாம் என் மனைவியை இழுத்து விட்டேன். சாம்பார்ல சர்க்கரை போட்டது நான். திருடன்னு பயந்து தொடப்பத்தைத் தேடுனதும் நான்தான். வந்தது பூனை. தொடப்பம் கிடைக்கல. அது எங்க இருக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது."

முதலில் சிரித்தது மெர்வின். பிறகு சபை மொத்தமும். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்ட ஷீலாவின் தோள்கள் குலுங்கின. போதகருக்கு ஒரே சந்தோஷம். அந்த உற்சாகத்தில் இன்னும் இரண்டு சிலேடைகளை அவிழ்த்துவிட்டார். ஜெபகுமார் இரண்டுக்கும் தன்னையே கொடுத்தார்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து ஷீலா கேட்டாள்: "பூனை எப்பங்க வந்துச்சு?"

"அது சும்மா."

"சர்ச்ல நின்னுக்கிட்டா? திருந்தவே மாட்டீங்க."

வீட்டு வாசலில் இறங்கியவள் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வண்டியை அப்புறம் துடைக்கலாம். மொதல்ல உள்ள வாங்க, தொடப்பம் எங்க இருக்குன்னு காட்டுறேன்."